ஐஸ் மீன்பிடிக் கூடாரத்தில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

டொராண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் சிம்கோ ஏரி வந்துவிடும். ஏரி உறைந்த வாரத்திலிருந்து மார்ச் வரை எங்கள் நண்பர் குழு சனிக்கிழமைகளை அங்கேதான், ஐஸில் துளை போட்டு மீன் பிடித்துக் கழிக்கிறது. குழுவில் நான்கு மடக்குக் கூடாரங்கள். அவற்றைப் பழுது பார்க்கும் வேலை எட்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வெவ்வேறு ஆட்கள் அழைத்தாலும் கோளாறுகள் அதே பத்துப் பன்னிரண்டுதான். தொலைபேசியில் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். வானத்திலிருந்து விழுவதைப் பனி என்றும், ஏரி உறைந்து நிற்பதை ஐஸ் என்றும் எழுதுகிறேன். கூடாரத்தின் அடியில் சுற்றிலும் ஐஸ்மேல் விரியும் துணிக்கு எங்கள் குழுவில் பாவாடை என்று பெயர்.

ஐஸின் தடிமனை அளந்த பிறகே கூடாரத்தை விரித்தீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். தெளிந்த ஐஸ் 10 செ.மீ. இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. இரண்டு மூன்று பேரும் சாமான்களும் ஒரே இடத்தில் சேர்வதால் 15 செ.மீ.க்குக் குறைந்த ஐஸில் நான் கூடாரம் போடுவதில்லை. பால்போல் வெளுத்த ஐஸுக்குப் பாதி வலுதான் உண்டு. அங்கே இரு மடங்கு தடிமன் வேண்டும்.

கூடாரத்தின் தொல்லைகளில் பெரும்பாலானவை இரண்டே இடங்களில் தொடங்குகின்றன. ஈரம் தங்கக்கூடாத இடத்தில் தங்கி உறைந்திருக்கும். அல்லது காற்று போக வேண்டிய வழி அடைபட்டிருக்கும். புதுப் பொருள் வாங்கக் கடைக்குப் போகும் முன் இவ்விரண்டையும் பாருங்கள்.

தலை வலிக்கிறது, குமட்டுகிறது, அல்லது கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலிக்கிறது

இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. வெளியே வாருங்கள். கதவைத் திறந்து விடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள். புரோப்பேன் ஹீட்டர் கைக்கு எட்டினால் மட்டும் அணையுங்கள். யாருக்காவது தள்ளாட்டமோ குழப்பமோ தூக்கக் கலக்கமோ இருந்தால் உடனே அவசர உதவி எண் 911. வெளிக்காற்றில் பத்து நிமிடம் நின்று தலைவலி தெளிந்துவிட்டதென்றால், காரணம் கூடாரத்தின் உள்ளேதான் இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். அன்றைக்கு அந்த ஹீட்டரை மறுபடி பற்றவைக்காதீர்கள்.

அலாரம் ஒலிக்கவில்லை, ஆகவே பயமில்லை என்று யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு என்பது எரிதல் சரியில்லாதபோது உண்டாகும் நச்சு வாயு. வீட்டுக்கென்று விற்கும் அதன் அலாரங்கள் காற்றில் 10 லட்சத்தில் 70 பங்கு வாயு இருக்கும்போது ஒலிக்க ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். அவற்றின் தர விதியே அப்படி. அதோடு அவற்றில் பெரும்பாலானவை உறைநிலைக்கு மேலான அறை வெப்பத்துக்காகச் செய்யப்பட்டவை. தலைவலி அலாரத்தை முந்தக்கூடும். முந்தினால் தலைவலியை நம்புங்கள்.

எல்லோரும் நலம் என்று தெரிந்த பின், கூடாரத்தைக் காற்றாட விட்டுவிட்டுக் காரணம் தேடலாம்.

மிக எளிய காரணம், மேல் காற்றுத்துளை அடைபட்டிருப்பது. துளையின் வலையில் உறைபனி படிந்து வெள்ளைத் தாள்போல் மூடிவிடும். உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் துளை திறந்தே இருப்பதாகத்தான் தோன்றும். விரலால் தட்டிப் பாருங்கள்.

அடுத்தது பாவாடை. காற்று புகாமல் இருக்கச் சுற்றிலும் பனியை அள்ளிப் போடுவோம். நான்கு பக்கமும் இடைவெளியே இல்லாமல் அடைத்துவிட்டால் மேல்துளை திறந்திருந்தும் பயனில்லை. காற்று அடியில் நுழைந்தால்தான் மேலே வெளியேறும். காற்றடிக்காத பக்கத்தில் இரண்டு கையகலத்துக்குப் பனி போடாமல் விடுங்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் சந்தேகம் ஹீட்டர்மேல் விழ வேண்டும். எரியும் தட்டு முழுவதும் ஒரே சீராகச் செவ்வாரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மஞ்சள் நாக்குகள் எழுந்தாலோ கரி படிந்தாலோ எரிதல் சரியில்லை. அந்த ஹீட்டர் மாகாணச் சான்று பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரிடம்தான் போக வேண்டும். அவர் சரி என்று சொல்லும்வரை கூடாரத்துக்குள் அதற்கு இடமில்லை. தட்டைப் பிரித்துத் தேய்த்துக் கழுவும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

வாங்க வேண்டியவை இரண்டுதான். எண் காட்டும் திரையுள்ள அலாரம் ஒன்று. அதற்கு லித்தியம் ஏஏ பேட்டரிகள். சாதாரண அல்கலைன் பேட்டரி கடுங்குளிரில் தளர்ந்துவிடும். லித்தியம் ஏஏ மைனஸ் 40 வரை வேலை செய்யும். அலாரத்தை ஏரிக்குக் கொண்டுபோகும் வழியில் கோட்டின் உள்பையில் வையுங்கள். கூடாரம் சூடான பிறகு, உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், ஹீட்டருக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். மாட்டியதும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், ஒவ்வொரு முறையும். ஐஸில் துளை போடும் பெட்ரோல் ஆகரையோ ஜெனரேட்டரையோ கூடாரத்துக்குள் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

ஹீட்டர் அணைந்து அணைந்து போகிறது

எப்போது அணைகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

*குமிழை விட்டதும் அணைந்தால்*

பெரும்பாலும் பொறுமைதான் குறை. குளிர்ந்த ஹீட்டரில் பைலட் சுடர் (ஹீட்டரைப் பற்றவைக்கும் சிறு சுடர்) பிடித்த பிறகும் குமிழை 30 நொடி முழுதாக அழுத்தியிருக்க வேண்டும். மைனஸ் 20இல் நான் ஒரு நிமிடம் அழுத்துகிறேன். குழாய்வழி இணைத்திருந்தால் குழாயில் இருக்கும் காற்று வெளியேறவும் நேரம் வேண்டும்.

அப்படியும் நிற்கவில்லையென்றால் பைலட் சுடரைப் பாருங்கள். அது தடித்த ஊசிபோல் இருக்கும் வெப்ப உணர்முனையைத் தழுவி எரிய வேண்டும். சுடர் மெலிந்து, சோர்ந்து, ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பைலட்டின் காற்றுத்துளையில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கிறது. கோடை முழுவதும் கராஜில் கிடந்த ஹீட்டருக்கு இது தவறாமல் வரும். சிலிண்டரைக் கழற்றிவிட்டு, கணினி விசைப்பலகைக்குப் பயன்படுத்தும் அழுத்தக் காற்றுக் குப்பியால் அந்தத் துளையில் இரண்டு மூன்று முறை ஊதுங்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள். துளை பெரிதானால் ஹீட்டர் பாழ்.

ஊதியும் பயனில்லை என்றால் உணர்முனை தேய்ந்திருக்கலாம். அது தொழில்நுட்பரின் வேலை. சின்ன ஹீட்டருக்கு அவர் கேட்கும் கூலியைப் புது ஹீட்டரின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பத்து ஆண்டு ஓடிய ஹீட்டரென்றால் புதிது வாங்குவதே மேல்.

*நன்றாக எரிந்து, இடையில் திடீரென்று அணைந்தால்*

கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹீட்டரை நேராக ஐஸ்மேல் வைத்தால் அடியில் உருகிக் குழி விழும், ஹீட்டர் சாயும், சாய்ந்தால் அணைக்கும் பாதுகாப்பு விசை தன் வேலையைச் செய்துவிடும். ஒரு சதுர அடி மரப்பலகை போதும், தீர்ந்தது.

பலகைமேல் நேராக நிற்கிறது, இருந்தும் அணைகிறது என்றால் ஆக்சிஜன் குறைந்ததும் அணைக்கும் உணரி வேலை செய்திருக்கலாம். மறுபடி பற்றவைக்கும் முன் கதவைத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுங்கள்; காற்றுத்துளைகளைப் பாருங்கள். காற்றோட்டம் சரியான பின் நின்று எரிந்தால் ஹீட்டரில் பழுதில்லை, அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த உணரியைக் கழற்றிவிட்டால் ஹீட்டர் நிற்காமல் எரியும் என்று சொல்பவர்களை ஏரியில் சந்திப்பீர்கள். அவர்கள் கூடாரத்துக்குள் போகாதீர்கள்.

*சுடர் மெல்ல மெல்லச் சிறுத்து அணைந்தால்*

சிலிண்டரைக் கையில் தூக்கி ஆட்டிப் பாருங்கள். காலியாக இருந்தால் கேள்வியே இல்லை. சுமார் 465 கிராம் புரோப்பேன் கொண்ட சின்னச் சிலிண்டர், மணிக்கு 9,000 பி.டி.யு. (வெப்ப அலகு) வீதம் எரித்தால் இரண்டரை மணி நேரத்துக்குள் தீரும். 4,000இல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் ஒரே சிலிண்டரோடு ஒரு நாளைக் கழிக்க வருபவர்கள் பலர்.

சிலிண்டர் கனமாக இருக்கிறது, வெளிப்புறம் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கிறது என்றால் அது குளிர்ந்து சோர்ந்துவிட்டது. எரிவாயு ஆவியாகும்போது தன்னையே குளிர்வித்துக்கொள்ளும். வெளியிலும் மைனஸ் 25 என்றால் அழுத்தம் விழுந்துவிடும். இரண்டு சிலிண்டர்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நாள் முழுவதும் இருப்பவர்களுக்கு 9 கிலோ தொட்டியைக் கூடாரத்துக்கு வெளியே நிறுத்திக் குழாய்வழி எடுப்பது இன்னும் நல்லது. தொட்டியும் சோர்ந்தால், அதன் அடியை ஏரி நீர் நிரம்பிய வாளியில் வைத்துப் பாருங்கள். துளையிலிருந்து மொண்ட நீர், அந்தக் காற்றைவிட 25 பாகை சூடானது. நெருப்பு, வெந்நீர், ஹீட்டரின் முகம் எதையும் சிலிண்டரின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கோடை முகாமுக்கு வாங்கிய கலப்பு வாயுக் குப்பிகளைக் கொண்டுவந்து எரியவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. பியூட்டேன் சுழியம் பாகையை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐஸுக்குத் தனிப் புரோப்பேன்தான்.

நீளக் குழாய் போட்டு இரண்டு மூன்று குளிர்காலம் ஓட்டிய ஹீட்டர் பலவீனமாக எரிந்தால் குழாயின் ரப்பரிலிருந்து கசிந்த எண்ணெய் ரெகுலேட்டரை அடைத்திருக்கலாம். முதல் நாளிலிருந்தே குழாய்க்கும் ஹீட்டருக்கும் இடையில் வடிகட்டி போட்டிருந்தால் இந்தச் செலவு வராது. அடைத்த பிறகு நீங்கள் கழுவ வேண்டாம், தொழில்நுட்பரிடம் கொடுங்கள். எந்த இணைப்பைத் திருகினாலும் சோப்பு நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அன்றைக்கு ஹீட்டர் இல்லை.

கூரையிலிருந்து சொட்டுகிறது, ஜன்னல் தெரியவில்லை

துணி ஒழுகுகிறது என்று நினைத்துத் தையல்களில் பசை பூசுபவர்கள் இருக்கிறார்கள். வெளியே மைனஸ் 15இல் மழை ஏது? அந்த நீர் உங்கள் ஹீட்டரிலிருந்து வருகிறது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். ஒரு சின்னச் சிலிண்டர் தீரும்போது முக்கால் லிட்டர் நீரைக் கூடாரத்துக்குள் விட்டிருக்கிறது. அதோடு இருவரின் மூச்சும், திறந்த துளைகளின் ஈரமும், கொதிக்கும் தேநீரும் சேர்கின்றன.

ஹீட்டரைக் குறைத்து மேல்துளையை இன்னும் திறப்பதுதான் முதல் மருந்து. சூடு போய்விடுமே என்று தயங்குவார்கள். ஈரமான கையுறையோடு 22 பாகையில் இருப்பதைவிடக் காய்ந்த கையுறையோடு 10 பாகையில் இருப்பது எவ்வளவோ மேல்.

அது போதவில்லை என்றால் சிறு பேட்டரி விசிறி ஒன்றைக் கூரையின் நடுவில், கீழ்நோக்கி ஊதும்படி மாட்டுங்கள். கூடாரத்துக்கு நான் வாங்கிய பொருள்களில் விலைக்கு மேல் உழைத்தது இதுதான். சூடு தலைக்கு மேல் தேங்கிக் கால்கள் விறைக்கும் தொல்லையும் இதோடு குறையும். கால் இன்னும் குளிர்ந்தால் கோளாறு தரையில் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் பதிக்கும் நுரை விரிப்புத் துண்டுகளை வாங்கி, துளைக்கு மட்டும் வட்டமாக வெட்டிப் பரப்புங்கள். அவற்றை விரிக்கும் முன் அடியிலுள்ள பனியை முழுவதும் வாரிவிடுங்கள், இல்லையேல் மதியத்துக்குள் விரிப்பு பனி உருகிய சேற்றில் மிதக்கும்.

ஒற்றைத் துணிக் கூடாரத்தில் என்ன செய்தாலும் சொட்டும். நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த இரட்டைத் துணிக் கூடாரத்துக்கு மாறுவதுதான் கடைசித் தீர்வு. செலவு கூடும், எடையும் கூடும். ஏரியில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) இல்லாமல் கையால் இழுத்துச் செல்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஜன்னல் உறைந்து வெளியே தெரியாமல் போவதை ஒன்டாரியோவில் அலட்சியப்படுத்த முடியாது. ஐஸ்மேல் ஒருவர் இரண்டு தூண்டில்கள் வரை போடலாம். வெளியே வைத்த தூண்டிலிலிருந்து 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும், அது எந்நேரமும் தடையின்றிக் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். ஜன்னல் தாளைச் சுரண்டாதீர்கள். குளிரில் கண்ணாடிபோல் உடையும். வெல்க்ரோவைப் பிரித்துத் தாளின் ஒரு மூலையை மடித்துவிட்டால் பார்க்க வழியும் கிடைக்கும், காற்றுக்கு வழியும் கிடைக்கும்.

கூடாரம் ஆடுகிறது, இழுக்கிறது, கிளம்பப் பார்க்கிறது

சிம்கோ ஏரியின் கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவில் காற்று நீளவாக்கில் தடையின்றி வரும். ஆள் இல்லாத கூடாரம் கரையைப் பார்த்து உருண்டு போனதை நான் கண்டிருக்கிறேன். அதைத் துரத்திக்கொண்டு தெரியாத ஐஸ்மேல் ஓடுவது கூடாரத்தை இழப்பதைவிடப் பெரிய ஆபத்து. போனால் போகட்டும்.

*விரிக்கும்போதே இழுத்தால்*

வரிசை தவறியிருக்கிறது. மூட்டையைத் தரையில் வைத்ததும் காற்று வரும் பக்கத்து மூலையைத் திருகு ஆணியால் ஐஸில் இறுக்குங்கள். பிறகு அந்தப் பக்கச் சுவரைத் தள்ளி விரியுங்கள், அடுத்த மூலையை இறுக்குங்கள். நான்கு சுவரையும் விரித்துவிட்டு ஆணியைத் தேடினால் கூடாரம் பாய்மரமாகிவிடும்.

*காலையில் உறுதியாக இருந்து, மதியம் தளர்ந்தால்*

ஆணி வெயிலில் சூடாகித் தன்னைச் சுற்றியுள்ள ஐஸை உருக்கிவிட்டது. பிப்ரவரி கடைசியில் இது தினமும் நடக்கும். ஆணியை அரையடி தள்ளிப் புது ஐஸில் திருகி, தலைமேல் ஒரு கூடை பனியைப் போட்டு மூடுங்கள். கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சற்றே சாய்த்துத் திருகுவது நேராக நிறுத்துவதைவிடப் பிடிக்கும்.

*ஆணி உறுதி, சுவர் மட்டும் உள்ளே குழிந்தால்*

மூலைகளை மட்டும் கட்டியிருக்கிறீர்கள். சுவரின் நடுவில் கம்பிகள் சேரும் குமிழில் ஒரு வளையம் இருக்கும். காற்று வரும் பக்கத்தில் அங்கிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். சுவர் 'டப்' என்று உள்ளே மடிந்துவிட்டால் ஹீட்டரை உடனே அணைத்துவிட்டுப் பிறகு தள்ளுங்கள். மடிந்த துணி ஹீட்டரில் பட்டால் நொடியில் உருகும்.

*ஆணி ஐஸில் இறங்கவே மறுத்தால்*

ஜனவரி ஐஸ் கல்லாக இருக்கும். கம்பியில்லாத் துளைப்பொறியின் வாயில் பொருத்தும் ஆணி முனை சில டாலர்தான். கையுறையைக் கழற்றாமல் ஆறு ஆணியையும் இரண்டு நிமிடத்தில் இறக்கலாம், திரும்ப எடுக்கலாம். துளைப்பொறி இல்லாதவர்கள் கத்தி முனையால் சிறு குழி செய்துவிட்டுத் திருகுங்கள்.

கம்பி உடைந்துவிட்டது

உடைந்த கண்ணாடியிழைக் கம்பியை வெறுங்கையால் தொடாதீர்கள்; சிலாம்பு ஏறினால் வாரக்கணக்கில் வலிக்கும். ஏரியிலேயே ஒப்பேற்ற, கம்பி நுழையும் அளவுள்ள ஒரு சாண் அலுமினியக் குழாயை உடைந்த இடத்தின்மேல் ஏற்றி இரண்டு முனையிலும் துணி நாடா சுற்றுங்கள். அந்தக் குழாய்த் துண்டும் ஒரு மாற்றுக் கம்பியும் எப்போதும் சாமான் இழுக்கும் சறுக்குத் தொட்டியில் இருக்கட்டும்.

கம்பி மாற்றியும் அதே இடத்தில் மறுபடி உடைந்தால் நடுக் குமிழின் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். விரிசல் விட்ட குமிழ் கம்பியைக் கோணலாகப் பிடிக்கும். குமிழை மாற்றுவது வீட்டு மேசையில் ஒரு மாலை வேலை. துணியே கிழிந்திருந்தால் படகு மூடித் துணி தைக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். வீட்டுத் தையல் பொறி அந்தத் தடிமனில் ஊசியை உடைக்கும்.

ஜிப் நகரவில்லை

இழுக்காதீர்கள். உள்ளங்கையால் அல்லது கைச்சூட்டுப் பையால் ஒரு நிமிடம் மூடிப் பிடித்தால் உருகிவிடும். காய்ந்த பின் மெழுகுவர்த்தியைப் பற்களில் தேயுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்துச் சேறாக்கும். பற்கள் விலகி வாய் பிளந்தால் பெரும்பாலும் ஓட்டியை மாற்றினால் போதும். செருப்புத் தைப்பவர்கூடச் செய்து தருவார். ஒரு கதவு உறைந்தாலும் மற்றொன்று திறக்கும்படி இரண்டு கதவுகளையும் உட்காருமுன் திறந்து மூடிப் பாருங்கள்.

தரையில் நீர் ஏறுகிறது

துளை போட்டதும் நீர் மேலே வழிந்தால் துளையின் விளிம்பைப் பாருங்கள். 30 செ.மீ. ஐஸில் நீர்மட்டம் மேற்பரப்புக்குக் கீழே சுமார் இரண்டரை செ.மீ. நிற்க வேண்டும். விளிம்போடு சமமாக நின்றாலோ வழிந்தாலோ, அங்கே பனியின் பாரம் ஐஸை அமுக்கியிருக்கிறது.

வழிவது ஆகர் இறைத்த ஐஸ் சேறு மட்டும்தான், நீர்மட்டம் கீழே இருக்கிறது என்றால் வாரித் தள்ளிவிட்டுத் தொடருங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளியைத் துளையின் வாயில் கழுத்துப்பட்டைபோல் பொருத்தினால் சேறு திரும்பி விழாது.

நீர்மட்டமே உயர்ந்திருந்தால் அங்கே இன்னொரு துளை போடாதீர்கள். ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாசல். பனி குறைவாக உள்ள இடம் பார்த்து மாறுங்கள். கூடாரத்தைச் சுற்றி நீங்களே குவித்த பனி மேடும் பாரம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது நீர் தானாக ஏறிக்கொண்டே இருந்தால், அல்லது அருகில் வாகனம் வந்து நின்றதும் ஏறினால், சாமானைப் பார்க்காமல் கிளம்புங்கள். நீரில் விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற உதவும் ஐஸ் குத்தூசிகள் இரண்டும் பெட்டியில் அல்ல, கழுத்தில் தொங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த நேரத்துக்காகத்தான்.

ஆகர் சுழல்கிறது, வெட்டவில்லை

அலகில் மெல்லிய ஐஸ் படலம் இருக்கிறதா? முந்தைய துளையின் ஈரம் உறைந்திருக்கும். ஐஸில் தட்டி உதிர்க்காதீர்கள், விளிம்பு பொடியும். திறந்த துளையின் நீரில் முக்கி எடுத்தாலே உருகும். படலம் இல்லை என்றால் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். கூர்மையான விளிம்பு ஒளியைப் பிரதிபலிக்காது. வெள்ளைக் கோடாக மின்னினால் மழுங்கிவிட்டது. அண்மையில் அலகு மாற்றியிருந்தால் தலைகீழாகப் பூட்டினீர்களா என்றும் பாருங்கள். இந்த அலகுகளின் கோணம் கத்தி தீட்டுபவர்கள் எல்லோருக்கும் கைவராது. நான் புது அலகுதான் வாங்குகிறேன்.

துளைப்பொறியில் பூட்டிய ஆகர் பாதியில் நின்றால் முதல் கியரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரியைக் கோட்டுக்குள் பத்து நிமிடம் வைத்து மறுபடி முயலுங்கள். ஆகரின் மேல் முனையில் துளையைவிடப் பெரிய ஒரு வட்டத் தட்டு இருக்க வேண்டும். பொறியின் பிடி தளர்ந்தால் ஆகர் ஏரிக்குள் போய்விடாமல் அதுதான் காக்கும்.

மீனைத் திரையில் காட்டும் சோனார் அணைகிறது அல்லது திரை முழுக்கக் கோடு

*அணைந்தால்*

முனைகளைக் கழற்றி, பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருப்பதைத் துடைத்து இறுக்குங்கள். பிறகு ஃபியூஸ். பிறகு வோல்ட்மீட்டர்: ஈய அமில 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் ஓய்வில் 12.6 காட்டும்; 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. கடுங்குளிரில் அதன் கொள்ளளவில் பெரும்பகுதி கிடைக்காது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பாதிக்கும் குறைவான எடையில் நாள் முழுவதும் தாங்கும், ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. ஏரியிலிருந்து வந்ததும் சார்ஜரில் மாட்டாமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை வீட்டில் விட்டுவைத்த பிறகு மாட்டுங்கள்.

*கோடு நிறைந்தால்*

துளையிலுள்ள சேற்றை வாருங்கள், நீரில் தொங்கவிடும் உணரியின் முகத்தில் ஒட்டிய ஐஸைத் துடையுங்கள், அது மட்டமாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். ஏரியின் குக்ஸ் விரிகுடாவில் மஞ்சள் பெர்ச் மீன் கூட்டம் வரும் நாள்களில் பக்கத்துக் கூடாரங்களின் சோனார்களும் குறுக்கிடும். உணர்திறனைக் குறைத்து, குறுக்கீடு தவிர்க்கும் அமைப்பை மாற்றிப் பாருங்கள். கம்பிவடம் ஐஸ் விளிம்பில் உரசி உள்கம்பி தெரிந்தால் நாடா சுற்றி ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். அது தயாரிப்பாளரின் பழுதுநீக்கு மையத்துக்குப் போக வேண்டியது.

கிளம்பும்போது கூடாரம் ஐஸோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது

பாவாடையைப் பிடித்து இழுத்தால் தையலோடு வரும். தட்டையான பனிவாரியைத் துணிக்கு அடியில் கிடைமட்டமாக விட்டு, ஒரு பக்கமாகத் தொடங்கி மெல்லப் பிரியுங்கள். அங்கங்கே விடாத இடத்தில் துளை நீரை மொண்டு ஊற்றி உடனே தூக்குங்கள். தாமதித்தால் ஊற்றிய நீரே உறைந்து இன்னும் இறுக்கும். அடுத்த முறை பாவாடைமேல் ஈரச் சேற்றைப் போடாமல் காய்ந்த பனியை மட்டும் போடுங்கள்.

ஆணி வரவில்லை என்றால் அரைச் சுற்று முன்னே திருகிவிட்டுப் பின்னே திருகுங்கள். கூடாரத்தின் உள்சுவரில் படிந்த உறைபனியை மடிக்கும் முன் தட்டி உதிர்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த அன்றிரவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கராஜிலோ நிலவறையிலோ விரித்துப் போடுங்கள். பாவாடை தொட்டால் சில்லென்று இருக்கும்வரை அது காயவில்லை. எங்கள் வீட்டில் விசிறி வைத்தும் இரண்டு நாள் ஆகிறது.